கானைத் திறக்கக் கேட்டவர்

போன வாரம் ஜெனிஃபர் போன் செய்தாள். கூடலூரில் நான் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் ஆபீசில் இப்போது அவள்தான் ஜூனியர். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்பது என் முழங்காலுக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும். ஆபீஸுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

"அண்ணா, அந்தப் பழைய மனு கம்ப்யூட்டர்ல எங்க இருக்கு?"

"எந்த மனு?"

"வாடகைக்கு இருக்கறவரு ஓனரை உள்ள விட மாட்டேங்கறாருண்ணா. பாத்ரூம் பைப்பு ஒழுகி, கீழ இருக்கற ஓனரு ஊட்டுச் செவுரெல்லாம் ஊறிப் போச்சாம். மேல போயி ஒருக்கா பைப்பைப் பாக்கணும்ங்கறாரு, அவ்வளவுதான். நீங்க டைப் பண்ணின, ஆளைக் காலி பண்ணச் சொல்ற மனு ஒண்ணு இருக்கும், பேரை மட்டும் மாத்திப் போடுன்னு சார் சொன்னாரு."

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாரைங்க இந்தக் கத்துக் கத்தறீங்க?"

"என்னையத்தான்."

"அப்படின்னா சரி," என்று உள்ளே போய்விட்டாள்.

ஜெனிஃபரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுவைத் தேடாதே, கிடைத்தாலும் திறக்காதே, ஏன் என்று எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். பேசினால் மறுபடியும் கத்திவிடுவேன்.

நான் குமாஸ்தா ஆனதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பி.காம். மூன்று பேப்பரில் நின்றது. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது. வக்கீல் சார் என் கையெழுத்தைப் பார்த்தார், மார்க்‌ஷீட்டைப் பார்க்கவில்லை, சேர்த்துக்கொண்டார். முதல் ஐந்து வருடத்தில் கேஸ் கட்டு கட்டக் கற்றுக்கொண்டேன், நோட்டீஸ் ஒட்டக் கற்றுக்கொண்டேன், எந்த அதிகாரியின் பியூனுக்கு எந்தக் கடை டீ பிடிக்கும் என்று கற்றுக்கொண்டேன். சட்டம் கற்றுக்கொள்ளவில்லை. சட்டம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் கற்றுக்கொண்டேன். கட்சிக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் ஆபீஸ் நடுவில் அவருடைய குடை விரிந்தபடி காய்ந்துகொண்டிருக்கும். அவர் அந்தக் குடையைச் சுற்றி நடந்துகொண்டே மனுவைச் சொல்லுவார், நான் டைப் அடிப்பேன். ஒரு சுற்றுக்கு ஒரு பாரா. சொல் கிடைக்காவிட்டால் நிற்பார், குடைக்கம்பி ஒன்றை விரலால் சுண்டுவார், சொல் வந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் கட்சிக்காரரின் பெயரையும் தகப்பன் பெயரையும் வாய்விட்டு ஒருமுறை படிப்பார். "பேரு தப்புனா ஆளே தப்பிப் போயிருவானுங்க மணி," என்பார். என்னைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவரைப் போல ஒரு மனுவைச் செதுக்க இந்த மலையில் ஆள் இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல முடியாது. என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மார்ச் மாதம் செல்வராஜ் வந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். ஃபேக்டரிக்குப் போவதற்கு முன்னால் பத்து வருடம் தோட்டத்தில் கான் வெட்டியவர். கான் என்றால் மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வாய்க்கால். ரிட்டயர் ஆன பணத்தில் தேவாலா பஸ் போகும் வழியில் ஒரு சரிவில் இரண்டு வீடு கட்டியிருந்தார், படிக்கட்டு மாதிரி மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ் வீட்டில் அவரும் அவர் மனைவி பாக்கியமும் இருந்தார்கள். மேல் வீட்டை இஞ்சி, மிளகு வியாபாரம் செய்யும் சிவகுமாருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. என் மேஜை மேல் இரண்டு தீப்பெட்டியை வைத்து வீட்டைக் காட்டினார்.

"இது மேல் வீடு தம்பி. இது எங்க வீடு. ரெண்டுக்கும் நடுவுல கல்லுச் செவுரு. மேல் வீட்டு மண்ணையெல்லாம் அதுதான் தாங்கிப் புடிச்சிருக்கு. மேல் வீட்டுக்குப் பொறத்தால நான் வெட்டுன கான் ஓடுது. மலைத் தண்ணி வந்து அதுல விழுந்து, பக்கத்துச் சந்து வழியா கீழ எறங்கிப் போயிரும். வெளங்குதா?"

"வெளங்குது."

"அந்தச் சந்துக்கு இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டிட்டாரு. கானுக்கு மேல தகரம் போட்டு மூட்டை அடுக்கியிருக்காரு. போன மழைக்கே கான் பாதி தூந்து போச்சு. செவுத்துல தண்ணி வடியறதுக்கு ஓட்டை விட்டிருக்கேன் பாருங்க, அதுல வெள்ளைத் தண்ணி வந்தா பயமில்ல. போன வருஷம் செந்தண்ணி வந்துச்சு."

"செந்தண்ணி வந்தா?"

"மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். செவுரு தள்ளிரும். செவுத்துக்கு நேர் கீழ எங்க அடுப்படி."

வாடகை பாக்கி உண்டா என்று கேட்டேன். ஒரு நாள் தவறியதில்லை என்றார். ஆளைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குக் காலி பண்ணணும்? புள்ளைங்க படிக்குதுங்க, பாவம். மழைக்கு முன்னால மம்பட்டியோட ரெண்டு நாள் உள்ள எறங்கணும். நானே தோண்டிருவேன். ஆளுகூட வேணாம்."

அவர் கேட்டது அவ்வளவுதான், ஜெனிஃபர். மம்பட்டியோடு இரண்டு நாள்.

இதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. வீட்டுக்காரருக்குப் பழுது பார்க்கவோ சோதித்துப் பார்க்கவோ உள்ளே போக வேண்டுமென்றால், இருபத்துநாலு மணி நேரம் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எதற்கு வருகிறோம், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும். காலை ஏழுக்கு முன்னாலும் ராத்திரி எட்டுக்குப் பின்னாலும் போகக்கூடாது. இது நியாயமான சட்டம். நானும் வாடகை வீட்டுக்காரன்தான். என் ஓனர் கரண்டு மீட்டரைப் பார்க்க வந்தேன் என்று, நான் துண்டோடு நிற்கும்போது நடுக்கூடத்தில் வந்து நின்று நலம் விசாரித்தவர். இருபத்துநாலு மணி நேரம் எவ்வளவு அருமையான விஷயம் என்று எனக்குத் தெரியும்.

சாரிடம் சொன்னேன். "நோட்டீஸ் ஒண்ணு குடுத்துருங்க மணி, இது நீங்களே பண்ணலாம்," என்றார். பத்து வரியில் எழுதினேன். கானைச் சுத்தம் செய்ய, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செல்வராஜ் ஒருவர் மட்டும். என் வாழ்க்கையிலேயே சரியாக எழுதிய ஒரே நோட்டீஸ் அதுதான். அதை ஒட்டுவதில்தான் நான் கோட்டை விட்டேன்.

சிவகுமார் அதைக் கையில் வாங்கவில்லை. சந்துக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். நல்ல உயரமான ஆள், கழுத்தில் மப்ளர்.

"ஏனுங்க, நான் வாடகை குடுக்கற ஊடு இது. சந்தும் சேர்த்துத்தானுங்க எனக்கு விட்டாரு. மூட்டையெல்லாம் அடுக்கி வெச்சிருக்கறனுங்க. மம்பட்டியோட உள்ள வந்தா மொளகெல்லாம் நனைஞ்சுருமுங்க."

"கானைத் தோண்டறதுக்குத்தானுங்க."

"இன்னிக்குக் கானும்பாரு. நாளைக்கு ஊட்டைக் கேப்பாரு. நான் பாக்காத ஓனருங்களா?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரி, கதவில் ஒட்டிவிடலாம் என்று என் பசை டப்பாவைத் திறந்தேன். இந்தப் பசையைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மைதா காய்ச்சி மயில்துத்தம் கலந்து நானே தயார் செய்வது. துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது. ஆறு மாதம் கழித்துப் போனாலும் என் நோட்டீஸ் கதவில் இருக்கும். அந்த வட்டாரத்துக் குமாஸ்தாக்கள் எல்லாரும் என் பசையைக் கேட்டு வாங்கிப் போவார்கள். அந்த மாதம் என் மனைவி, "பால் காய்ச்சற சட்டியில வெஷத்தைக் காய்ச்சறீங்களே, நீங்க மனுசனா?" என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்விதான். துத்தம் போடாமல் காய்ச்சினேன்.

ஒட்டினேன். தபால்கார பாலேட்டன் அந்த வழியாக வந்தார், அவரைச் சாட்சிக்கு நிறுத்தினேன். போனில் படமும் எடுத்தேன். கோடை மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு நானும் செல்வராஜும் போனோம். அவர் தோளில் மம்பட்டி. கதவில் நோட்டீஸ் இல்லை. நான்கு மூலையிலும் நகம் அளவுக்குக் காகிதம், நடுவில் பளபளவென்று கோடு கோடாக வழுவழுப்பு. கதவின் அடியில் நான்கு நத்தைகள், வயிறு நிறைந்து, நகரக்கூட மனமில்லாமல் கிடந்தன. மைதாவை நக்க ஆரம்பித்துக் காகிதத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டன. இருபத்துநாலு மணி நேரம், ஏழு முதல் எட்டு, எல்லாம் நத்தையின் வயிற்றில்.

அப்போது தபாலோடு வந்த பாலேட்டன் ஒருவர்தான் சிரித்தார். அவர் மலையாளத்தில் 'ஈ ஒச்சு' என்றால் 'இந்த நத்தை'. "மணியே, ஈ ஒச்சு உங்க நோட்டீஸைக் கைப்பத்திட்டுப் போயி. இனி அதுக்கு மேல கேஸ் போடுங்கோ."

சிவகுமார் நோட்டீஸே வரவில்லை என்றார். கேட்டைத் திறக்கவில்லை. வாடகை விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியிடம் போனோம்; பாலேட்டனுக்குத் தபால் வேலை, சாட்சிக்கு வர முடியவில்லை. நடுத்தர வயது அம்மா, கம்பளிச் சட்டை போட்டிருந்தார். என் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். படத்தில் வெள்ளையாக இருந்தது. முழுக்க மூடுபனி. கதவு எங்கோ நிழல் மாதிரி தெரிந்தது.

"இதுல நோட்டீஸ் எதுங்க?" என்றார்.

"அந்த வெள்ளையில கொஞ்சம் கூடுதல் வெள்ளையா இருக்குது பாருங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பொறுமையாகச் சொன்னார். "இன்னொரு நோட்டீஸ் அனுப்புங்க. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, போன்லயும் அனுப்புங்க. அப்புறமும் தெறக்கலைன்னா கானுக்குன்னு மட்டும் ஒரு மனு எங்கிட்ட குடுங்க. நானே வந்து நின்னு தெறக்கச் சொல்றேன். மழைக்கு முன்னால முடிச்சிரலாம்."

வெளியே வந்ததும் செல்வராஜ் என் சட்டைக் கையைப் பிடித்தார். முகமெல்லாம் வெளிச்சம். "அந்தம்மா சொன்னது சரியாத்தானே இருக்கு தம்பி? அப்படியே செஞ்சுருவமா?"

சரி என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பத்து வரி. பெயர்கூட மாற்ற வேண்டாம், தேதியை மட்டும் மாற்றி ரிஜிஸ்டர் தபாலில் போட்டிருக்கலாம். தபால் ஆபீஸ் எதிரிலேயே இருந்தது.

"சாரைக் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

சார் குடையைச் சுற்றவில்லை, அது மழைக்காலம் இல்லை. ஜன்னலைப் பார்த்து நின்றார். தன் ஆபீஸ் நோட்டீஸை நத்தை தின்றது அதிகாரியின் ஃபைலில் ஏறிவிட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மெதுவாகத்தான் பேசினார்.

"கானுக்கு மனுப் போட்டா கானுதான் கெடைக்கும் மணி. ஊட்டுக்கு மனுப் போடுங்க. அவன் பயந்துக்கிட்டுக் கானை அவனே தோண்டிக் குடுப்பான். அனுமதியில்லாமத் தகரம் போட்டிருக்கான், அது ஒண்ணு போதும், காலி பண்ணச் சொல்லிக் கேட்டரலாம்."

"கட்சிக்காரரு காலி வேண்டாம்ங்கறாருங்க சார்."

"கட்சிக்காரருக்கு என்ன வேணும்னு கட்சிக்காரருக்குத் தெரிஞ்சா, நம்மகிட்ட எதுக்கு வர்றாரு?"

முப்பத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று தோன்றியது. உட்கார்ந்து டைப் அடித்தேன். பதினோரு பக்கம். கான் என்ற சொல் எட்டாவது பக்கத்தில் ஒரே ஒரு முறை வந்தது. செல்வராஜ் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டார். "இதுல கான் இருக்குதில்ல தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை பார்.

சார் பெயரையும் தகப்பன் பெயரையும் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பெயர் தப்பவில்லை.

ஏப்ரல் கடைசியில் வழக்கு வந்தது. சிவகுமார் பயப்படவில்லை, அவரும் ஒரு வக்கீலை வைத்தார். நாங்கள் போட்ட பதினோரு பக்கத்தையே கோர்ட்டில் காட்டி, என்னை வெளியே தள்ளத்தான் இவர் சந்துக்குள் வரப் பார்க்கிறார், தடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த விசாரணை வரைக்கும் இப்போது இருக்கிற நிலை அப்படியே தொடர வேண்டும், இரண்டு தரப்பும் எதையும் மாற்றக்கூடாது என்று உத்தரவு வந்தது. மே மாதம் கோர்ட் விடுமுறை. அடுத்த விசாரணை ஜூனில்.

இருக்கிற நிலை என்றால் என்ன? பூட்டு பூட்டியபடி, தகரம் போட்டபடி, கான் தூர்ந்தபடி. கேட்ட எல்லாருக்கும் இது புரியும். எங்களுக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. "அவனும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல," என்றார் சார். அப்படியே கோயமுத்தூரில் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் கிளம்பிப் போனார்.

கோர்ட் வராந்தாவில் சிவகுமார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, கோபம்தான் இருந்தது.

"ஏனுங்க குமாஸ்தா, வாடகை ஒரு நாள் தவறியிருக்கனா, உங்காளையே கேளுங்க. கானு கானுன்னு சொன்னப்பக் கொஞ்சம் நெசமா இருக்குமோன்னு எனக்கே தோணுச்சுங்க. மூட்டையை எடுத்து வேற எடத்துல போட்டரலாமான்னு எங்க ஊட்டுல பேசிக்கூட வெச்சோமுங்க. இப்ப உங்க பேப்பரே காலி பண்ணுன்னு சொல்லுதுங்களே. இனி எப்படிங்க தெறப்பேன்?"

அந்த ஆள் மூட்டையை எடுத்திருப்பாரா, மாட்டாரா, தெரியாது. எடுக்காமலும் இருந்திருக்கலாம். கான் மேல் தகரம் போட்டவர் அவர்தான், பூட்டியவர் அவர்தான், அவரைப் புத்தர் ஆக்க நான் எழுதவில்லை. ஒரு மனிதன் அடுப்படிக்கு மேல் மலை நிற்கிறது என்று சொல்லும்போது மிளகு நனையும் என்றவர். ஆனால் அவருக்குத் திறக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைப் பதினோரு பக்கத்தில் சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்தவன் நான்.

மே மாதம் முழுக்க வெயில். ஒவ்வொரு திங்கட்கிழமையும் செல்வராஜ் பஸ் ஏறி வந்தார். கோர்ட் மூடியிருக்கிறது, சார் ஊரில் இல்லை, நான் மட்டும் பழைய கட்டுகளுக்குத் தூசி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வராமல் படியில் நின்றே கேட்பார்.

"தம்பி, மண்ணு காஞ்சு கெடக்குது. இப்பத் தோண்டினா ஒரே நாள் வேலை. பூட்டை ஒடச்சரலாமா?"

"ஐயோ, பூட்டுல மட்டும் கை வெச்சராதீங்கண்ணே. உத்தரவு இருக்கு. கை வெச்சா கேஸ் அப்படியே நம்ம மேல திரும்பிரும். உள்ள வெச்சாலும் வெச்சிருவாங்க."

"செவுத்துக்கு உத்தரவு தெரியுமா தம்பி?"

"சாரைக் கேட்டுச் சொல்றேண்ணே."

கேட்டேன். ஒரு திங்கட்கிழமை போன் போட்டேன். பின்னால் பேரக் குழந்தை அழும் சத்தம். "ஜூன்ல பாத்துக்கலாம் மணி. அதுக்குள்ள மழையா வந்துரப் போகுது?" என்றார். கூடலூரில் நாற்பது வருடமாகக் குடை காயவைக்கும் மனிதர் கேட்டார் இதை.

அந்த அதிகாரியிடம் நானே ஓடியிருக்கலாம். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, மேடம், கானை மட்டும் தோண்ட கோர்ட்டில் அவசரமாகக் கேட்க வழி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊராட்சியிலோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ சுவரின் படத்தைக் காட்டி ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். வழி இருந்ததா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் தேடவில்லை என்பது மட்டும் தெரியும். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு ஓடக்கூடாது. அப்படி நான் ஒருநாளும் ஓடியதில்லை. அதனால்தான் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். ஜெனிஃபர், வழியனுப்பு விழாவில் நீ எனக்குப் போட்ட சால்வை அதற்குத்தான்.

செல்வராஜும் உத்தரவை மீறவில்லை. வாழ்க்கை முழுக்க சங்கு ஊதினால் வேலைக்குப் போய், சங்கு ஊதினால் திரும்பியவர். சட்டம் வேண்டாம் என்றால் வேண்டாம். மம்பட்டியைச் சாணை பிடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். மே கடைசி வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

ஜூன் வந்தது. விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம். மழை பிடித்து மூன்றாம் நாள் காலையில் செல்வராஜ் போன் செய்தார்.

"தம்பி, செந்தண்ணி வருது."

அவ்வளவுதான் சொன்னார். நான் சாரின் அறைக்குள் போனேன். விடுமுறை முடிந்து வந்திருந்தார். குடை நடுவில் விரிந்திருந்தது. வேறொரு மனுவின் நான்காவது பாராவில் இருந்தார். கையை உயர்த்தினார், பாரா முடியட்டும் என்று. நான் நின்றேன். பாரா முடியும் வரைக்கும் நின்றேன், ஜெனிஃபர். ஒரு சொல் கிடைக்காமல் குடைக்கம்பியைச் சுண்டிக்கொண்டிருந்தார். அது கிடைக்கும் வரைக்கும் நின்றேன்.

பத்தே முக்காலுக்குச் சுவர் விழுந்தது. செல்வராஜ் மேல் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். சிவகுமாரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். பாக்கியம் அடுப்பை அணைக்க உள்ளே திரும்பிப் போயிருந்தார். கல்லும் மண்ணும் அடுப்படிக் கூரையோடு இறங்கின. முக்கால் மணி நேரம் தோண்டி எடுத்தார்கள். முதலில் தோண்டியவர் சிவகுமார், வெறும் கையால். அதையும் எழுதத்தான் வேண்டும். பாக்கியத்துக்கு உயிர் இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் சிவகுமார் தானாகவே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். விசாரணையில், இனி முடிவு செய்ய ஒன்றுமில்லை என்று வழக்கை முடித்து வைத்தார்கள். நான் கட்டைக் கட்டி அலமாரியில் வைத்தேன். சார் கோர்ட் படியில் இறங்கும்போது, குடையை விரித்துக்கொண்டே, மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

"காலி பண்ணிட்டான் பாத்தீங்களா மணி. நாம கேட்டது கெடைச்சிருச்சு."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஃபைலில் பார்த்தால் அது சரியும்கூட.

அதனால்தான் அந்த மனுவைத் தேடாதே என்றேன். உன் கட்சிக்காரர் பைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் பைப்பைப் பார்க்கக் கேள். பத்து வரி போதும். நாள், நேரம், காரணம், யார் வருகிறார்கள். ரிஜிஸ்டர் தபாலில் போடு, போனிலும் அனுப்பு, கதவில் ஒட்டினால் நான்கு மூலையிலும் ஆணி அடி. படம் எடுத்தால், எடுத்த இடத்திலேயே திறந்து பார். அவர் திறக்கவில்லை என்றால் அதிகாரியிடம் அன்றைக்கே போ. வீட்டையே கேட்டு மனுப் போடச் சார் சொன்னால், கட்சிக்காரர் கேட்கவில்லை சார் என்று இரண்டாவது முறையும் சொல். நான் ஒரு முறைதான் சொன்னேன்.

விழா மேடையில் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். சுவர் விழுந்த மறுநாள் காலையில் அங்கே போனேன். செல்வராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தார். மழை விட்டிருந்தது. சந்தின் பாதித் தரை இறங்கிப் போயிருந்தது. கேட்டின் ஒரு தூண் இல்லை. இன்னொரு தூணில் கேட்டு சாய்ந்து நின்றது, பூட்டு பூட்டியபடி. அதன் இரண்டு பக்கமும் யாரும் நடந்து போகலாம், ஒரு லாரியே போகலாம். பின்னால் தகரத்துக்குக் கீழே கான் தெரிந்தது, மண் நிறைந்து. மேலே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. மேல் வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தது, மலைத் தண்ணீர் இன்னும் அதன் அடியில் போய்க்கொண்டிருந்தது.

செல்வராஜ் மண்ணுக்குள்ளிருந்து மம்பட்டியைத் தேடி எடுத்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். அதைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இப்ப ஒடைக்கலாமா தம்பி?"

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா, ஜெனிஃபர்?

"சாரைக் கேட்டுச் சொல்றேண்ணே."